அகத்திப் பூச்சி

வைகுண்ட ஏகாதசியன்று உயிர் போனால் நேரே பரமபதம் என்று நம்புகிற ஊர் கீழக்கழி. மறுநாள் துவாதசியன்று போனால் என்ன கதி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த வருஷம் துவாதசி விடிந்து வெயில் ஏறுவதற்குள் அரசு மருத்துவமனையின் நஞ்சுப் பிரிவில் படுக்கைகள் தீர்ந்துபோய், வராந்தாவில் பாய் விரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பிரிவின் தலைமை மருத்துவர் குணவதிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். பூச்சிமருந்து குடித்தவர்கள், சொந்தக்காரர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுக்கத் தின்றவர்கள் என்று தினமும் பார்க்கிற ஆள்தான் அவள். ஆனால் இவர்கள் ஆலைத் தண்ணீர் குடித்துச் சாகிறவர்கள் மாதிரி செத்துக்கொண்டிருந்தார்கள். அரண் வந்த பிறகு அந்தக் கதை முடிந்துவிட்டது என்று அவளே மேடை போட்டுப் பேசியிருக்கிறாள்.

அரண் என்பது தோள்பட்டையில் போடுகிற ஒரே ஒரு ஊசி. கீழக்கழியைச் சுற்றி ஆலைகள், ஆலைகளைச் சுற்றிக் கழிவு, அந்தக் கழிவு இறங்கிய நிலத்தடி நீரைத்தான் ஊர் குடித்தது. நீரில் இருந்த உலோக நஞ்சை உடம்புக்குள்ளேயே பிடித்துக் கட்டி, எலும்பிலும் கொழுப்பிலும் அசையாமல் உறங்க வைத்துவிடும் இந்த மருந்து. நஞ்சு வெளியே போகாது, ஆனால் உபத்திரவமும் செய்யாது. பழைய ஆயுர்வேத விஷ முறிவு மருந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததாகக் கம்பெனிக்காரர்கள் பெருமை அடித்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் ஓலைச்சுவடியும் வெள்ளைத் தாடியும் காட்டினார்கள்.

காது குத்துவது மாதிரி அரண் போடுவதும் ஊரில் ஒரு விசேஷமாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஊசி போட்டு, வந்தவர்களுக்குப் பிரியாணி போட்டார்கள். அதன் பிறகு ஆலைக்காரர்கள் எதற்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போகிறார்கள்? குடிநீரில் இவ்வளவு நஞ்சு இருக்கலாம் என்ற வரம்பை அரசும் ஏற்றிக்கொண்டே போனது. தெருக்குழாய்க்குப் பக்கத்தில் நஞ்சின் அளவைக் காட்டும் மின்பலகை இன்னமும் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் மேல் யாராவது ஈரத் துண்டு காயப் போட்டிருப்பார்கள்.

துவாதசியன்று வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். முதலில் மூக்கு செத்துவிட்டது, காபியும் மணக்கவில்லை, துளசியும் மணக்கவில்லை. பிறகு விரல் நுனி மரத்தது. அதற்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். குணவதி தெரிந்த மாற்று மருந்தையெல்லாம் ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

பக்கத்துக் கட்டடத்து ஆயுர்வேதப் பிரிவிலிருந்து மரிய செல்வம் அழைக்காமலே வந்து நின்றார். மார்த்தாண்டத்துக்காரர். அகத தந்திரம் என்கிற விஷ வைத்தியப் படிப்பில் மேல்பட்டம் வாங்கியவர். குணவதிக்கும் அவருக்கும் டீக்கடை அளவு சிநேகம், அவ்வளவுதான்.

"என்னத்தத் தின்னாவன்னு கேட்டீங்களா மேடம்?"

"எல்லாரும் ஏகாதசி விரதம் சார். நேத்து பூரா ஒண்ணும் சாப்பிடல. விடிகாலைல பாரணை பண்ணி விரதத்த முடிச்சிருக்காங்க."

"பாரணைக்கு என்ன வச்சாவ?"

"என்ன வைப்பாங்க, வழக்கமா வைக்கிறதுதான். நெல்லிக்காய், சுண்டைக்காய், அகத்திக்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாட்டு மருந்து சாப்பிடுகிற எந்த வீட்டிலும் அகத்திக் கீரையை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். மருந்தை முறித்துவிடும் என்பது சின்ன வயதிலிருந்து எல்லாரும் கேட்டுப் புளித்துப்போன சங்கதி. ஆனால் தோளில் போட்ட ஊசியை யாரும் நாட்டு மருந்தாக நினைக்கவில்லை, இவளையும் சேர்த்து.

"போன வருஷமும் இதே துவாதசி வந்துச்சே சார்? அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"போன வருஷம் பானை நெறையல. இப்ப நெறஞ்சிருக்கு." செல்வம் ஒரு கிழவரின் விரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க நூல்ல தூஷிவிஷம்னு ஒண்ணு உண்டு. உள்ள போன விஷம் சாகாம, கொல்லாம, உறங்கிக் கெடக்கும். வருஷக்கணக்கா கெடக்கும். பொறவு கீழ்க்காத்து, மேக மூட்டம், ஆகாத சாப்பாடு, இதுல எதாவது ஒண்ணு வந்து தட்டி எழுப்பும். அதனாலதான் மொதல்ல வாந்தி, பேதின்னு கொடுத்து விஷத்த வெளிய கொண்டுவரச் சொல்லுதாவ. மிச்சம் மீதிக்குத்தான் முறிவு மருந்து. அதுக்கும் பத்தியம் உண்டு. உங்க கம்பெனிக்காரனுவ என்ன செஞ்சானுவ? பேதி அசிங்கம்னு விட்டுட்டானுவ. பத்தியம் சொன்னா ஊசி விக்காதுன்னு அதையும் விட்டுட்டானுவ. உறங்க வைக்கிறத மட்டும் எடுத்துக்கிட்டானுவ. பாதி வைத்தியம் முழு விஷம் மேடம்."

மத்தியானத்துக்குள் அவள் தன் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டாள். அரண் போட்ட ரத்தத்தில் அகத்திச் சாறு பட்டதும் கட்டு அவிழ்ந்து நஞ்சு வெளியே நின்றது. இத்தனை சுலபமாகவா அவிழும் என்று இன்னொரு சோதனைக் குழாயிலும் போட்டுப் பார்த்தாள். இந்த ஊரில் அரண் போடாத ஆள் இல்லை. அவள் தோளிலும் அந்தத் தழும்பு இருந்தது.

வந்தவர்களில் பிழைத்தவர் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்க்கும் பருத்த மனிதர் ஒருவர்தான். மற்றவர்கள் தின்ற அதே கீரையை அவரும் ஒரு கை பார்த்திருந்தார். ஆனால் நெய்யைக் குழம்பு மாதிரி ஊற்றிப் பிசைந்து தின்கிற பழக்கம் அவருக்கு. இதைக் கேட்டதும் செல்வம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"விஷம்னு தெரிஞ்சா மொதல் காரியமா நெய்யக் குடிக்கக் குடுன்னு எழுதி வச்சிருக்கான். நெஞ்சுக்கு உறை போடுததுன்னு அதுக்குப் பேரு. பரீச்சைக்குப் படிச்சேன், மார்க்கும் வாங்கினேன். இத்தன வருஷத்துல ஒருத்தருக்கும் குடுக்கல பாத்துக்கிடுங்க."

குணவதி அதையும் குழாயில் போட்டுப் பார்த்தாள். கீரைச்சாற்றோடு நெய் கலந்திருந்தால் கட்டு மெதுவாக அவிழ்ந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் கழித்துவிடக்கூடிய வேகம்தான் அது.

"அப்ப எல்லாருக்கும் நெய் குடுக்கலாமா?"

"மூக்கு சாகுறதுக்கு முன்னாடி குடுக்கணும். மூக்கு செத்துட்டா விஷம் நரம்புக்குப் போயாச்சுன்னு அர்த்தம். பொறவு குடம் குடமா ஊத்துனாலும் பிரயோசனம் இல்ல. இதுவ வெறும் வயித்துல தின்னதால காலையிலயே காட்டிடுச்சு. நெறஞ்ச வயிறா இருந்தா மத்தியானம் தின்னது பொழுது சாயுறப்ப காட்டும்."

அன்று அவள் வீடு திரும்பியபோது கணவர் பரஞ்சோதி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆலையில் வெல்டராக இருந்தவர். அரண் வருவதற்கு முன் குடித்த தண்ணீர் அவருடைய இடது காலைப் பாதி வாங்கிக்கொண்டது. அதிலிருந்து சமையலும் கடைத்தெருவும் அவர் இலாகா. குணவதி கடைத்தெருப் பக்கம் போய் வருஷங்கள் ஆகின்றன.

"எல்லாத்துலயும் ஓட்டை," என்றாள் அவள் காயைப் பார்த்து.

"ஓட்டை இருந்தாதான் வாங்குவேன். புழு பொழைச்சிருக்குன்னா மருந்து அடிக்கலன்னு அர்த்தம். புழு பொழைச்சா மனுசன் பொழைப்பான். என்ன குணா, முகமே சரியில்ல?"

"தலைவலி."

மகள் நறுமுகை ஓடி வந்து தட்டோடு உட்கார்ந்தாள். பரஞ்சோதி அவள் சோற்றில் நெய் விட்டார். அடுத்து அவர் தன் தட்டில் விடப் போன கரண்டியைக் குணவதி பிடித்து நிறுத்தினாள். பழக்க தோஷம்தான். அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த நாளிலிருந்து நெய், வெண்ணெய், முட்டை மஞ்சள் மூன்றுக்கும் வீட்டில் தடை போட்டிருந்தாள்.

"டாக்டரக் கட்டிக்கிட்டா இப்படித்தான், நாக்க அடமானம் வைக்கணும்," என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தார் அவர்.

மறுநாள் சுகாதாரத் துறை இணை இயக்குநர் சுதர்சனத்தின் அறையில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தப்பட்டிருந்தது. சுதர்சனம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் குணவதி எதிர்த்திருப்பாள்.

"வெளிய சொல்லிடலாம்," என்றார் செல்வம். "அகத்தி திங்காதீங்க, அரண முறிக்கும், அப்படின்னு சொன்னா போதும். நம்ம சனத்துக்குப் பத்தியம் புரியும். காரணம் கேக்காம கடைப்பிடிக்கும்."

"சொல்லலாம்," என்றார் சுதர்சனம். "ஆனா டாக்டர், நீங்க நஞ்சுப் பிரிவுல இருக்கீங்க. உங்களுக்கே தெரியும். இப்ப சோத்துல விஷம் வச்சா நீங்க கண்டுபிடிச்சிடுறீங்க, போலீஸ் பிடிச்சிடுது. நாளைக்குக் கொல்லைல வளர்ற கீரை போதும்னு தெரிஞ்சா? பொரியல் பண்ணிப் போட்டாங்கன்னு எந்த மாமியார் மேல, எந்த மருமக மேல கேஸ் போடுவீங்க? செத்த உடம்புல ஆலை விஷம்தான் இருக்கும்."

ஆலைகளை மூட வேண்டிவரும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அது அந்த அறையில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் குணவதியைச் சாய்த்தது ஆலை இல்லை. போன மாதம் ஒரு தகப்பனைத் தூக்கி வந்திருந்தார்கள். சொந்தப் பிள்ளை பாயசத்தில் எலி மருந்து கலந்திருந்தான். வாயில் நுரையோடு, "பையன ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே செத்தார் அந்த மனிதர். இருபது வருஷமாக இதைத்தான் பார்த்துப் பார்த்து, சனங்களை நம்பும் இடம் அவளுக்குள் காய்ந்துபோயிருந்தது. ஒரு ஊர் முழுவதின் சாவியையும் கீரைக்கட்டாகக் கட்டி வீட்டுக்கு வீடு கொடுக்க அவளால் முடியாது.

"மரத்தையே எடுத்துட்டா?" என்றாள். "காரணத்துக்கு வேற எதாவது சொல்லிக்கலாம். அகத்திக்குப் பூச்சி விழுந்திருக்கு, மத்த பயிருக்குப் பரவும்னு சொல்லி வெட்டிடலாம். பூச்சி அரிச்ச கீரைன்னா யாரும் திங்கவும் மாட்டாங்க."

சுதர்சனத்தின் முகம் மலர்ந்தது. "இது யோசனை," என்றார்.

செல்வம் எழுந்துவிட்டார். "மேடம், விஷத்த ஒளிச்சு வைக்கலாம். பத்தியத்த ஒளிச்சு வைக்கக் கூடாது. தெரியாத பத்தியத்த எவன் காப்பான்?" வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "வீட்டுலயாவது சொல்லி வையுங்க."

வீட்டில் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பரஞ்சோதி காதில் விழுந்தால் தெருவுக்கே விழுந்த மாதிரி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் அவளைக் கட்டிப் போட்டது. ஊருக்கு மறைத்ததைத் தன் புருஷனுக்கும் பிள்ளைக்கும் மட்டும் சொன்னால் அது என்ன நியாயம்? எப்படியும் மரங்கள் போகப் போகின்றன. எப்படியும் இந்த வீட்டில் அகத்தி வேகவைத்ததே இல்லை, கசப்பு என்றாலே நறுமுகை காத தூரம் ஓடுவாள். அதனால் சொல்லாமல் இருந்தாள். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டாள்.

அறிவிப்பு ரேடியோவிலும் கைப்பேசிகளிலும் ஓயாமல் ஓடியது. அகத்தி மரங்களில் புதுவகைப் பூச்சி, பொதுமக்கள் ஒத்துழைக்கவும். ரம்பத்தோடு நகராட்சி வண்டிகள் தெருத் தெருவாகப் போயின. வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள்தான் மறித்தார்கள். வெற்றிலைக் கொடி படர்வதே அகத்தி மரத்தின் மேல்தான், மரம் போனால் கொடியும் போகும். ஒரு கொடிக்காலில் ஒரு பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கடா பூச்சி? ஒண்ணே ஒண்ணு காட்டிட்டு வெட்டு!" என்று கத்தியதைச் செய்தியில் காட்டினார்கள். குணவதி டிவியை அணைத்துவிட்டாள்.

ஆனால் பலன் இருந்தது. நஞ்சுப் பிரிவில் மூக்கு செத்தவர்கள் யாரும் வரவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரி பிரிவே வெளிச்சமாகத் தெரிந்தது அவளுக்கு. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு நாள் குளிக்கும்போது வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். எதிரில் வந்தால் செல்வம் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்குத் திரும்பும்போது மணிக்கூண்டுப் பக்கம் கார் நின்றுவிட்டது. எதிரே கூட்டம். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "கீரை வாங்குறாங்கம்மா," என்றார் சிரித்துக்கொண்டு.

"என்ன கீரை?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கியிருந்தாள். தெரு ஓரம் நெடுக அகத்திக் கிளைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இத்தனை நாள் எல்லாவற்றையும் அள்ளிப்போன நகராட்சி அன்று வெட்டிய மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கிளையையும் தழையையும் மாட்டுக்கு ஆகும் என்று அங்கங்கே தள்ளிவிட்டுப் போயிருந்தது. எதற்கு வெட்டுகிறோம் என்று வெட்டியவர்களுக்கும் தெரியாதே. பெண்கள் மடி மடியாக உருவிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் பிள்ளை இரண்டு பை நிறையக் கட்டிக்கொண்டிருந்தாள்.

குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்காரி சாக்கு விரித்து உட்கார்ந்து, எரிகிற ஊதுபத்தியால் இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். தொட்ட இடமெல்லாம் பொடி ஓட்டை விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"ஓட்டை போடுறேன் டாக்டரம்மா." ஒளித்துச் செய்யவேண்டிய காரியமாக அவள் நினைக்கவில்லை. "முழு இலைய எவளும் சீந்த மாட்டேங்குறா. அரசாங்கமே அகத்திக்குப் பூச்சி விழுந்திருக்குன்னு சொல்லிடுச்சுல்ல, அதான் இந்தக் கூட்டம். பூச்சி விழுந்திருக்குன்னா மருந்து படாத கீரைன்னுதானே அர்த்தம்? இந்த ஊருல அப்படிக் கீரை எங்க கெடைக்குது? ஆனா பாருங்க, மரத்துல ஒரு பூச்சியையும் காணோம். கேக்குறவங்களுக்கு நானே போட்டுக் குடுக்குறேன்."

குணவதி சாக்கிலிருந்து ஓர் இலையை எடுத்துப் பார்த்தாள். பூச்சி அரித்த கீரை என்றால் யாரும் தின்ன மாட்டார்கள் என்று சொன்னது அவள் வாய்தான். தின்பதற்கு வேறு எதையும் நம்ப முடியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லியிருந்தாள். அவள் வீட்டு அடுப்பில் தினமும் வெந்தது ஓட்டைக் கத்திரிக்காய்தான்.

"கீழ போடுங்க! எல்லாரும் கீழ போடுங்க! இதைச் சாப்பிட்டா செத்துருவீங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரும் கீழே போடவில்லை. கீரைக்காரி ஊதுபத்தியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"பூச்சின்னீங்க. இப்ப சாவுங்கிறீங்க. ரெண்டுல எது பொய் டாக்டரம்மா?"

"பூச்சி பொய்," என்றாள் குணவதி. "பூச்சி நான் சொன்ன பொய். அகத்தி அரணை முறிக்குது. துவாதசிக்குச் செத்தவங்க எல்லாரும் இதைத் தின்னுதான் செத்தாங்க."

அந்தப் பெண் தன் கையையும் சாக்கையும் பார்த்தாள். பிறகு எழுந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கூப்பிட்டபடி சந்துக்குள் ஓடினாள். அது அவளுடைய மகன் பெயரா பேரன் பெயரா என்று தெரியவில்லை. அப்புறம்தான் ஒவ்வொருத்தியாகக் கீரையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு எல்லா வீட்டிலும் எப்போதோ முடிந்திருக்கும்.

காரில் ஏறியபடியே செல்வத்தைக் கூப்பிட்டாள். "சார், ஊரு பூரா அகத்தி. பூச்சின்னு சொன்னதாலயே வாங்கித் தின்னிருக்காங்க."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சொல்லிரலாமா?" என்றார்.

"சொல்லுங்க. யார் சொன்னான்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"பேரு கெடக்கட்டு. கோயில், சர்ச்சு, பள்ளிவாசல், எல்லா மைக்கையும் புடிக்கேன். மூக்கு நல்லா இருக்கவிய உடனே நெய் குடிக்கட்டு. நெய் இல்லாதவன் என்ன செய்வான் கர்த்தாவே." மூச்சு வாங்கியது அவருக்கு. "வீட்டுல சொல்லியிருந்தீங்கல்லா?"

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. பரஞ்சோதி பின்கட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நறுமுகை உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அடுப்படி மேடையில் கவிழ்த்த சட்டிக்குப் பக்கத்தில், ராத்திரிக்கு என்று ஒரு கிண்ணத்தில் குணவதிக்கான பங்கு மூடி வைக்கப்பட்டிருந்தது. மூடியைத் திறந்தாள். தேங்காய்ப்பூ தூவிய கரும்பச்சைப் பொரியல்.

"வந்துட்டியா? போனு உள்ள கெடந்துச்சு, எந்திரிச்சு வர்றதுக்குள்ள நின்னு போச்சு." அவர் அங்கிருந்தே பேசினார். "கீரைய எடுத்துட்டியா? பின்தெருவுல சல்லிசா குடுத்தாங்க குணா. இலையெல்லாம் பொடிப் பொடியா ஓட்டை. இந்தக் காலத்துல இப்படிக் கீரை பார்த்து எத்தன நாளாச்சு! எலும்புக்கு நல்லதுன்னு பாப்பாவுக்கும் குடுத்தேன்."

அவள் அவர் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அவளுக்கு நெய் ஊத்துனீங்களா?"

"இது என்ன கேள்வி? கசக்குதுன்னு ஒரே அடம். அரைக் கிண்ணம் நெய்ய விட்டுப் பிசைஞ்சுதான் உள்ள தள்ளுனேன். திட்டாத."

"நீங்க?"

"எனக்கு எங்க? கொழுப்புன்னு தடை போட்டது யாரு?" என்று சிரித்தார். "நீ இல்லாதப்ப திருடித் தின்பேன்னு நெனைச்சியா? சத்தியமா ஒரு சொட்டுத் தொடல. நீ சொன்னா சொன்னதுதான்."

குணவதி எழுந்து போய் நெய்ப் பாத்திரத்தை எடுத்தாள். அவசரத்தில் பாதி மேடையில் சிந்தியது. வாணலியில் கொட்டி உருக்கினாள். வெளியே தூரத்தில் எங்கேயோ ஒலிபெருக்கி கரகரக்க ஆரம்பித்தது. மார்த்தாண்டத்துக் குரல்தான், சொல் பிடிபடவில்லை. இந்த மனிதருக்கு ஒரு தரம் சொல்லியிருந்தால் போதுமே, காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டாரே என்று நினைத்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க."

"முழுசாவா? இன்னைக்கு என்ன விசேஷம்? தடை நீக்கியாச்சா?"

"நீக்கியாச்சு. குடிங்க."

அவர் ஆச்சரியமாக அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தார். உள்ளறையிலிருந்து நறுமுகையின் குரல் வந்தது.

"அம்மா, நெய் உருக்குனியா? இங்க வரைக்கும் கமகமன்னு வாசனை வருது! எனக்கும் வேணும்!"

குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிள்ளைக்கு மணம் தெரிகிறது.

பரஞ்சோதி தம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடியும் கொண்டுபோனார். பிறகு மகளுக்குக் கேட்கும்படி வேடிக்கையாகச் சொன்னார்.

"வாசனையா? பாப்பா, உங்கம்மா எனக்கு மட்டும் டால்டாவ உருக்கிக் குடுத்து ஏமாத்துறா. எனக்கு ஒண்ணுமே மணக்கல."